திருமதி அந்தோணிசாமி

இங்கிலாந்தில் வரி அலுவலகம் என்னைக் 'கஸ்டமர்' என்று கூப்பிடுகிறது. வந்த புதிதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. துணிக்கடைக்குப் போனால் கஸ்டமர், சரி. வரி கட்டுகிறவள் எப்படிக் கஸ்டமர் ஆவாள்? பிடிக்கவில்லை என்றால் பக்கத்துக் கடைக்குப் போக முடியுமா? அவர்களுடைய ஹெல்ப்லைனுக்குப் போன் செய்தால் முதலில் ஒரு பெண்குரல் 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று சொல்லும். பிறகு பியானோ வாசிப்பார்கள். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்படி மேடையில் வைத்துவிட்டு உலை வைப்பேன். சோறு வடித்து, குழம்பு தாளித்து, பிள்ளைகள் இருவரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் பியானோ ஓயாது. நடுநடுவே அந்தப் பெண் வந்து நாம் முக்கியமானவர்கள் என்று ஞாபகப்படுத்திவிட்டுப் போவாள். என் மகன் அந்த மெட்டைச் சீட்டியடித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போவான். 

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு டாக்ஸ் கிரெடிட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். குறைந்த சம்பளத்தில் வேலை செய்து பிள்ளை வளர்ப்பவர்களுக்கு அரசாங்கம் கொடுத்துவந்த தொகை அது. இப்போது அதை எடுத்துவிட்டு வேறு பெயரில் வேறொன்று வைத்திருக்கிறார்கள். நான் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். கிழவர்களைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, வாயில் ஊட்டுவது. அந்தச் சம்பளம் லண்டனில் வாடகைக்கே போய்விடும். வாடகை போக வயிற்றுக்கு என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு இந்தத் தொகைதான். என்னைக் கட்டியவர் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு நேஷனாலிட்டி. எங்கள் கடற்கரையில் பெண்ணைப் பெற்ற கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அந்த வார்த்தையைக் கேட்டால் கண் தெரியாது. அப்பாவுக்கும் தெரியவில்லை. பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்கு லண்டனும் திறந்திருந்த காலம், கல்யாணமாகி இங்கே வந்தோம். இரண்டு பிள்ளைகள் பிறந்தபின், பாரிசில் நல்ல வேலை கிடைக்கும்போல் இருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு போனார். இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

என் பெயர் ரோசலின். மரக்காணத்துப் பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் அ. ரோசலின். அந்த 'அ' என் அப்பா அந்தோணிசாமி. உப்பளத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் தினக்கூலிக்குப் போனவர். நம் ஊரில் குடும்பப்பெயர் என்று தனியாக ஒன்று யாருக்கு இருக்கிறது? பாஸ்போர்ட் போடும்போது படிவத்தில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம் இருந்தது. திண்டிவனத்தில் டிராவல்ஸ் வைத்திருந்தவர் அப்பா பெயரை அதில் எழுதிவிட்டார். எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவார். லண்டன் வந்தபிறகு எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் மிஸ்ஸா மிஸஸா என்று ஒரு கேள்வி இருக்கும். கல்யாணமானவள் வேறு என்ன செய்வேன், மிஸஸில் டிக் அடித்தேன். திருமதி ரோசலின் என்று என் மனதில் நினைத்துக்கொண்டு அடித்த டிக் அது. இந்த நாட்டில் மிஸஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நிற்பது கட்டியவன் பெயர். அப்படி நான் பதினாலு பதினைந்து வருஷமாக மிஸஸ் அந்தோணிசாமியாக இருந்திருக்கிறேன். எனக்கு அது உறைக்கவே இல்லை.

அந்த ஆகஸ்டில் பிள்ளைகளோடு ஊருக்கு வந்திருந்தேன். அப்பா செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அம்மா அதற்கும் முன்பே போய்விட்டார். வீட்டில் தம்பி ஆரோக்கியராஜும் அவன் குடும்பமும்தான். ஒரு நாள் காலையில் லண்டன் கீழ்வீட்டுப் பெண் எனக்கு வந்திருந்த கடிதத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தாள். உப்பளத்திலிருந்து வந்த தம்பிக்கு நீராகாரம் ஊற்றிக் கொடுத்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து படித்தேன். நான் திரு. அந்தோணிசாமி என்பவருடன் கணவன் மனைவியாக வாழ்ந்துகொண்டு, அதை மறைத்து, தனித்தாய் என்று சொல்லிப் பணம் வாங்கியிருப்பதாக நம்புவதற்குக் காரணம் இருக்கிறதாம். முப்பது நாளுக்குள் இல்லை என்று நிரூபிக்க வேண்டுமாம். அதுவரை பணம் நிறுத்திவைக்கப்படுகிறதாம். ஒரு முறை படித்தேன். இரண்டாவது முறையும் படித்தேன். எழுந்து போய் முகத்தைக் கழுவினேன். அழுக்கு என்மேல்தான் ஒட்டியிருப்பதுபோல் திரும்பத் திரும்பத் தண்ணீரை அடித்தேன்.

எப்படி வந்தது என்று பிற்பாடு புரிந்தது. வரி அலுவலகம் மோசடிக்காரர்களைப் பிடிக்கும் வேலையை ஒரு தனியார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டிருந்தது. எவ்வளவு பணத்தை நிறுத்துகிறார்களோ அதற்கேற்ப அவர்களுக்குக் காசு. புருஷன் போனபின் கரண்ட் பில்லை அவர் பெயரிலிருந்து என் பெயருக்கு மாற்றியிருந்தேன். கம்பெனியின் கம்ப்யூட்டர் பார்த்திருக்கிறது: இந்த வீட்டில் முன்பு ஒருவன் பெயரில் பில் வந்தது, இப்போது அந்தோணிசாமி பெயரில் வருகிறது. பிள்ளைகளுக்கு அந்த முதல் ஆளின் பெயர். இவளுக்கு அந்தோணிசாமி பெயர். ஆக, முதல் ஆள் போனான், அந்தோணிசாமி வந்தான். கம்ப்யூட்டரைச் சொல்லிக் குற்றமில்லை, அதற்கு அப்பா கிடையாது. ஆனால் அந்தக் கடிதத்தின் கீழே ஒரு மனுஷன் கையெழுத்துப் போட்டிருந்தான்.

"இன்னாக்கா, மூஞ்சே சரியில்ல?" என்று தம்பி கேட்டான்.

"ஒண்ணுமில்லடா. அப்பா எங்கூட லண்டன்ல இருக்கார்னு நெனச்சிட்டு இருக்கானுங்க. அதனால பணத்த நிறுத்திட்டானுங்க."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "மெட்ராசே ரெண்டு தபாதான் போயிருக்காரு. அவர லண்டனுக்கு அனுப்பிச்சிட்டானுங்களா? பொணத்த எந்த ஃப்ளைட்ல ஏத்துனியாம்?"

நானும் சிரித்து வைத்தேன். கடிதத்தில் இருந்த மீதியைச் சொல்லவில்லை. சொந்தத் தம்பியிடம் எந்த வாயால் சொல்வது?

லண்டனில் காலை எட்டு மணிக்கு ஹெல்ப்லைன் திறந்தால் நமக்கு மதியம் பன்னிரண்டரை. தம்பி வீட்டில் சுவருக்கு அந்தப்பக்கம் அடுத்த வீடு. என்ன பேசினாலும் தெருவுக்கே கேட்கும். அதனால் போனை எடுத்துக்கொண்டு உப்பளப் பக்கம் நடந்தேன். உப்பளத்தில் விடியும் முன்பே வேலை தொடங்கி வெயில் ஏறும்முன் முடித்துவிடுவார்கள். உச்சிவெயிலில் அங்கே நாய்கூட நிற்காது. பாத்திகளின் வெள்ளை கண்ணைக் குத்தும். வரப்போரம் உப்பைக் குவித்து ஓலை மூடியிருந்தார்கள். அந்தக் குவியலின் நிழல் ஒரு ஆள் குந்தும் அளவுக்குத்தான் விழுந்தது. அதில் குந்திக்கொண்டு முக்கால் மணி நேரம் பியானோ கேட்டேன். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒருத்தி உப்பளத்தில் உட்கார்ந்து வெள்ளைக்காரன் பாட்டுக் கேட்பதை யாராவது பார்த்திருந்தால் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கடைசியில் கெவின் என்று ஒருவன் வந்தான். குரல் நல்ல குரல், சின்ன வயசு. காத்திருக்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டான். மிஸஸ் அந்தோணிசாமி, இன்று எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டான். நான் விஷயத்தைச் சொன்னேன். அந்தோணிசாமி என் அப்பா, செத்துப்போய்விட்டார், அவர் பெயர்தான் எனக்கு இரண்டாம் பெயர் என்று என் இங்கிலீஷில் மூன்று விதமாகச் சொன்னேன். அவன் கீபோர்டில் தட்டும் சத்தம் கேட்டது.

"ஆக, திரு. அந்தோணிசாமியை உங்களுக்குத் தெரியும் என்று உறுதி செய்கிறீர்கள்."

"அவர் என் அப்பா."

"நல்லது. இப்போது எங்கிருந்து பேசுகிறீர்கள்? வெளிநாட்டு எண் காட்டுகிறதே."

"விடுமுறைக்கு வந்திருக்கிறேன். என் அப்பா வீட்டில் இருக்கிறேன்."

தட்டும் சத்தம் நின்றது. "அதாவது, திரு. அந்தோணிசாமியின் வீட்டில் இப்போது தங்கியிருக்கிறீர்கள்."

அப்போதுதான் நான் செய்த தப்பு எனக்கே விளங்கியது. நம் ஊரில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அது என்றைக்கும் அப்பா வீடுதான். அப்பா செத்தாலும், அந்த வீட்டைத் தம்பி இடித்துக் கட்டினாலும், அப்பா வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன் என்றுதான் சொல்வோம். எந்தப் பெண்ணும் 'என் தம்பி பெயரில் பட்டா உள்ள வீடு' என்று சொல்வதில்லை. இதை அவனுக்கு எந்த இங்கிலீஷில் சொல்வது? தடுமாறினேன். தடுமாறுகிறவள் பொய் சொல்கிறாள் என்று அவனுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்போல. இன்னும் மரியாதையான குரலில், தப்பாக நினைக்க வேண்டாம், எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான் என்று சொல்லிவிட்டு, நீங்களும் திரு. அந்தோணிசாமியும் ஒரே படுக்கையறையில் தூங்குகிறீர்களா என்று கேட்டான்.

"சீ! வாயக் கழுவுடா!" என்று தமிழில் கத்திவிட்டேன். வெறும் பாத்திகளுக்கு நடுவில் என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

"மன்னிக்கவும்," என்றான் கெவின். "உங்கள் பக்கத்தில் யாரோ பேசினார்களே. அது திரு. அந்தோணிசாமியா? அவரோடு நான் பேச முடியுமா?"

போனை அணைத்துவிட்டேன். எத்தனையோ வருஷம் அப்பா வெறுங்காலோடு நின்று உப்பு வாரிய இடம் அது. அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கேள்வியைக் காதில் வாங்கினேன்.  

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஊர் ஒன்றும் யோக்கியமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வளாகத்தில் நிற்கும்போது, தூரத்து உறவில் அத்தை முறையான ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, அவன் போயி இம்மாம் வருஷம் ஆவுதே, தனியாவா கீற? தொணைக்கு யாரும் இல்லியா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு என் கழுத்தையும், கையையும், புதுச் செருப்பையும் பார்த்தாள். கெவினுக்காவது அது சம்பளத்துக்குச் செய்கிற வேலை. அத்தை இலவசமாகச் செய்கிறாள். தனியாகப் பிள்ளை வளர்க்கும் பொம்பளையைக் கண்டால், இவள் யாரோடு படுக்கிறாள் என்று கணக்கெடுக்கும் புத்தி இரண்டு தேசத்திலும் ஒன்றுதான். ஓரிடத்தில் அதற்குக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள்.

பேரூராட்சி அலுவலகத்தில் அப்பாவின் இறப்புச் சான்றிதழுக்கு ஒரு பிரதி வாங்கினேன். தம்பி அப்போதே பதிந்து வைத்திருந்ததால் சுலபமாகக் கிடைத்தது. ஆனால் செத்தவர் என் அப்பா என்று அதில் எங்கே இருக்கிறது? அதற்குப் பங்குச் சாமியாரிடம் போய் என் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டேன். சாமியார் பெரிய பழைய பதிவேட்டை எடுத்து விரலால் தடவிப் பார்த்து, தகப்பன் அந்தோணிசாமி, தாய் மரியபுஷ்பம் என்று இங்கிலீஷில் எழுதிக் கோயில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

"எதுக்கும்மா, பாஸ்போர்ட்டுக்கா?"

"இல்ல ஃபாதர். எங்கப்பா எனக்கு அப்பாதான்னு லண்டன்ல சொல்லணுமாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "வேற யாருன்னு சொல்றாங்களாம்?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் ஊரார் பாவங்களைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர், புரிந்திருக்கும்.

இரண்டு தாளையும் வைத்து, ஒரு கடிதமும் எழுதி, லண்டன் திரும்பியதும் பதிவுத்தபாலில் அனுப்பினேன். செப்டம்பர் முழுக்கப் பணம் வரவில்லை. முதியோர் இல்லத்தில் கூடுதல் ஷிப்ட் கேட்டு வாங்கினேன். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் பதின்மூன்று வயசு மகள் செலின் தன் தம்பிக்கு ரொட்டியில் பீன்ஸ் வைத்துக் கொடுத்தாள். சர்ச்சில் ஏழைகளுக்குக் கொடுக்கும் உணவுப்பையை வாங்கி வந்தேன். நான் மாதாமாதம் அதே பைக்கு டின் வாங்கிப் போட்டவள். வாங்கும்போது அதைக் கொடுத்த அம்மாள் என்னைத் தெரியாததுபோல் நடந்துகொண்டாள், மரியாதைக்குத்தான். வாடகை பாக்கி விழுந்தது. வீட்டுக்காரர் நல்லவர்தான், ஒரு மாதம் பொறுத்தார், இரண்டாவது மாதம் ஒரு கெடு வைத்து, அதற்குள் கட்டாவிட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுப்பேன் என்றார்.

அந்தச் சமயத்தில் பதில் வந்தது. பிரித்ததும் முதல் வரியில், உங்கள் இழப்புக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள் என்று இருந்தது. சரி, மனுஷர்கள்தான், புரிந்துகொண்டார்கள் என்று ஒரு நொடி நெஞ்சுப் பாரம் இறங்கியது. அடுத்த வரியில், உங்கள் வாழ்க்கைத்துணை திரு. அந்தோணிசாமி இறந்த தேதியை எங்கள் பதிவில் சேர்த்துவிட்டோம் என்று இருந்தது. அவர் இறந்த நாளிலிருந்து நான் தனியாள், அதனால் அன்றிலிருந்து எனக்கு உரிய தொகை உண்டாம். ஆனால் அதற்கு முன்பு, புருஷன் என்னை விட்டுப் போனபின் அப்பா உயிரோடு இருந்த இரண்டு வருஷமும், நான் தனித்தாய் என்று சொல்லி வாங்கியது தப்பாம். அந்தப் பணத்தைத் திருப்பிக் கட்டும்வரை இனி வருவதைப் பிடித்துக்கொள்வார்களாம். என்னை என் அப்பாவுக்கு விதவையாக்கிவிட்டார்கள். சாமியார் எழுதிக் கொடுத்த தாளை யாரும் படித்ததற்கான அடையாளமே இல்லை. துக்கம் தாங்குவதற்கு உதவும் என்று ஒரு கையேடும் கூட வைத்திருந்தார்கள். அட்டையில் சூரியன் கடலில் மறைகிற படம்.

எங்கள் தொகுதி எம்.பி. வெள்ளிக்கிழமைதோறும் நூலகத்தில் மக்களைச் சந்திப்பார். அதற்கு இங்கே 'சர்ஜரி' என்று பெயர், ஆஸ்பத்திரிக்குச் சொல்வதுபோல. நான் போனேன். எம்.பி. ஒரு பெண். அவருடைய உதவியாளர் ஹெலன் என் காகிதங்களை எல்லாம் வாங்கிப் படித்தாள். படித்து முடித்து, என் கடவுளே என்று வாயைப் பொத்திக்கொண்டாள். என் ஒருத்திக்கு மட்டுமில்லை, நாடு முழுக்க இந்த மாதிரிக் கடிதங்கள் போயிருக்கின்றன என்றும், வரி அலுவலகத்துப் பெரியவர்களை நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு விசாரிக்கப் போகிறது என்றும், எம்.பி. அந்தக் குழுவில் இருக்கிறார் என்றும் சொன்னாள். உங்கள் பெயரைச் சொல்லாமல் உங்கள் கதையை அங்கே கேட்போம், நீங்களும் வந்து பார்க்கலாம், பொதுமக்களுக்கு அனுமதி உண்டு என்றாள். நான் ஷிப்டை மாற்றிக்கொண்டு, இருந்ததிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். நியாயம் கிடைக்கும் இடத்துக்குப் போகிறோம் என்ற நினைப்பு. எங்கள் ஊரில் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போகும்போது அப்பா வெள்ளை வேட்டி கட்டுவார்.

பெரிய அறை. சுவரெல்லாம் மரப்பலகை. குதிரை லாட வடிவத்தில் மேசை போட்டு எம்.பி.க்கள் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே வரி அலுவலகத்து ஆட்கள் மூவர். பின்னால் நாற்காலியில் ஹெலனும் நானும். போனை எடுக்க ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டார்கள். நடுவில் இருந்தவர், ஒவ்வொரு கஸ்டமரின் பயணத்தையும் மேம்படுத்த உழைத்துவருகிறோம் என்றார். கம்பெனிக்கு ஏன் குத்தகை விட்டீர்கள் என்று கேட்டார்கள். பாடங்கள் கற்றுக்கொள்ளப்பட்டன என்றார். யார் கற்றுக்கொண்டார்கள், யாருடைய செலவில் என்று அவர் சொல்லவில்லை. பிறகு எங்கள் எம்.பி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இந்தியாவிலிருந்து வந்த ஒரு பெண் என்று ஆரம்பித்தார். என் கதையை நன்றாகவே சொன்னார். கடைசியில், ஐயா, உங்கள் அலுவலகம் இந்தப் பெண்ணை அவளுடைய சொந்தத் தகப்பனுக்கே விதவையாக்கிவிட்டது, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

அறை சிரித்தது. கொல்லென்று சிரித்தது. எம்.பி.க்கள் சிரித்தார்கள், பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்கள், கேட்ட எம்.பி.யும் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார். வரி அலுவலகத்துக்காரர் முதலில் அடக்கிப் பார்த்து, பிறகு அவரும் சிரித்துவிட்டார். சொன்னால் நம்புவீர்களா, நானும் சிரித்தேன். நாலுபேர் சிரிக்கும் இடத்தில் முகம் தானாக இளித்துவிடுகிறது. ஹெலன் என் கையைத் தட்டிக் கொடுத்தாள். வரி அலுவலகத்துக்காரர், அது வருந்தத்தக்கது, அந்தக் கஸ்டமரைத் தொடர்புகொள்ளச் சொல்கிறேன் என்றார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். அந்தக் கஸ்டமர் அவர் முதுகுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் அப்பா பெயர் என்னவோ, அவர் அம்மா பெயருக்குப் பக்கத்தில் வேறு எவன் பெயரையாவது கட்டியவன் என்று போட்டு இந்த அறையில் படித்தால் சிரிப்பாரா என்று நினைத்தேன். எனக்கு அந்த நிமிஷம் அவர்கள்மேல் கோபம்கூட வரவில்லை. குப்பை லாரி பக்கத்தில் வந்து நிற்கும்போது வருமே, அந்த அருவருப்புதான் வந்தது. அதில் என் இளிப்பும் சேர்த்தி.

கொஞ்சம் இடைவெளி விட்டார்கள். தண்ணீர் ஜாடியை மாற்றினார்கள். ஹெலன், அடுத்தது பேங்க் அதிகாரிகள் சம்பளம், இருந்து பாருங்கள் என்றாள். பெரிய பேங்கின் தலைவர் வந்து உட்கார்ந்தார். அவருடைய பேங்க் மூழ்கும் நிலைக்குப் போனபோது அரசாங்கம் மக்கள் பணத்தைப் போட்டுத் தூக்கி நிறுத்தியதாம். இப்போது மறுபடி அங்கே பெரிய பெரிய போனஸ். ஏன் இவ்வளவு என்று கேட்டார்கள். அவர் அமைதியாக, திறமைசாலிகளுக்கு உரியதைக் கொடுக்காவிட்டால் அவர்கள் நாட்டை விட்டுப் போய்விடுவார்கள் என்றார். எம்.பி.க்கள் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு இரண்டு கேள்வி கேட்டார்கள். அவர் வருவதற்கு நேரம் ஒதுக்கியதற்கு நன்றி சொன்னார்கள். அவர் யாரோடு வாழ்கிறார், எந்த அறையில் தூங்குகிறார் என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை.

போய்விடுவார்கள் என்ற அந்த வார்த்தைதான் எனக்குள் உட்கார்ந்துகொண்டது. நான் எட்டாவது படிக்கும்போது உப்பளத்தில் கூலி உயர்த்தச் சொல்லி எல்லாரும் வேலைக்கு இறங்காமல் வரப்பில் உட்கார்ந்தார்கள். நான் அப்பாவுக்குச் சோறு எடுத்துப் போயிருந்தேன். அளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் பைக்கை விட்டு இறங்காமலே, "புடிக்கலன்னா போலாம்பா. பெருமுக்கல் பக்கம் கல்லு ஒடைக்க ஆளு கேக்கறாங்க. யாரும் யாரையும் புடிச்சி வெக்கல" என்றார். மூன்றாம் நாள் அப்பா பழைய கூலிக்கே இறங்கினார். எங்களைப் பார்த்துப் போ என்கிறார்கள். அவர்களைப் பார்த்துப் போகாதே என்று காலில் விழுகிறார்கள். போய்விடுவேன் என்று மிரட்டுவதற்குக்கூட ஒரு அந்தஸ்து வேண்டியிருக்கிறது. நான் ஒரு நாட்டை விட்டு நிஜமாகவே போனவள். எனக்காக எந்தக் குழுவும் கூடவில்லை.

வரி அலுவலகம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. அக்டோபர் மூன்றாம் வாரத்தில் ஒரு அம்மாள் போன் செய்தாள். பியானோ இல்லை, காத்திருத்தல் இல்லை. என் பெயரில் உள்ள பாக்கியை அழித்துவிடலாம், நிறுத்திய பணத்தையும் போட்டுவிடலாம், ஆனால் சிஸ்டத்தில் திரு. அந்தோணிசாமியின் பதிவு திறந்தே இருக்கிறது, அதை மூட ஒரு உறுதிமொழிப் படிவம் அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்றாள். படிவம் வந்தது. அச்சடித்த வாசகம், மாற்ற இடமில்லை. 'கீழ்க்கண்ட நபருடன் நான் எக்காலத்திலும் ஒரே முகவரியில் வாழ்ந்ததில்லை. அவருடன் எனக்கு எவ்விதப் பொருளாதாரத் தொடர்பும் இருந்ததில்லை.' கீழே கட்டத்தில் அவர்களே டைப் அடித்திருந்தார்கள், அந்தோணிசாமி.

நான் அந்த அம்மாளைக் கூப்பிட்டேன். இது உண்மையில்லையே, கல்யாணம் ஆகும்வரை இருபத்துநாலு வருஷம் அவர் வீட்டில்தானே இருந்தேன், அவர் கூலியில்தானே சாப்பிட்டேன் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, புரிகிறது, ஆனால் அப்படி எழுதினால் சிஸ்டம் உங்களை மறுபடி விசாரணைக்கு அனுப்பிவிடும், நான் உங்கள் இடத்தில் இருந்தால் கையெழுத்துப் போடுவேன் என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். இதுவரை பேசியவர்களில் அவள்தான் மனுஷியாகப் பேசியவள். வீட்டுக்காரர் சொன்ன கெடு அந்த வாரம் முடிகிறது. செலின் எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வெறும் ஃபார்ம்தானே அம்மா, போட்டுவிடுங்கள் என்றாள். போட்டேன். இங்கே கையெழுத்தில் முழுப்பெயர் வேண்டும். அந்த வாசகத்துக்குக் கீழேயே ரோசலின் அந்தோணிசாமி என்று எழுதினேன். இத்தனை மாதம் அவர்கள்மேல் வந்த அருவருப்பு அன்றைக்கு என் கைமேல் வந்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்றைக்கு எங்கள் ஊரில் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூமாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவார்கள்; சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். நான் மதிய ஷிப்டுக்குக் கிளம்பும் நேரத்தில், ஊரில் பொழுது சாயும்போது, தம்பி வீடியோ காலில் வந்தான். நல்ல கூட்டம். பாட்டுச் சத்தம் கேட்டது. அப்பா கல்லறைக்குப் புதிதாகச் சலவைக்கல் வைத்திருக்கிறான். அது எனக்குத் தெரியாது, ஆச்சரியமாகக் காட்டவேண்டும் என்று சொல்லாமல் செய்திருக்கிறான். அப்பா பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. அதன் கீழே, மகன் ஆரோக்கியராஜ், மரக்காணம். மகள் ரோசலின், லண்டன்.

"நல்லா கீதாக்கா? உம் பேரு பெருசா வெட்டச் சொன்னேன்."

"நல்லா இருக்குடா," என்றேன்.

"பணம் போட்டானுங்களா?"

"நேத்து வந்திச்சி."

"பாத்தியா, அப்பாதான் வேண்டிக்கினாரு. அக்கா, இரு, போன அவரு கிட்ட வெக்கறேன். எதுனா பேசு."

போனைக் கல்லுக்கு நேராகப் பிடித்துக்கொண்டான். திரை முழுக்க அப்பா பெயர். மெழுகுவத்தி வெளிச்சம் அதன்மேல் ஆடியது. நான் வாயைத் திறந்தேன். அப்பா என்று கூப்பிடக்கூட வரவில்லை.

"பேசுக்கா. கேக்குதா?"

"கேக்கலடா. சிக்னல் இல்ல," என்று சொல்லிவிட்டு அணைத்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.